மங்குவுக்கு ஒரு கோப்பைப் பால்

கடல் கடந்து போகிறவனிடம் எதற்காகப் போகிறாய் என்று நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். பிழைக்க, படிக்க, மகள் பிரசவத்துக்கு என்று கௌரவமான பதில் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். நான் மலேசியாவுக்குப் போனது ஒரு நாய்க்குட்டி என்ன ஆயிற்று என்று கேட்டு வர. அதுவும் படத்தில் இருக்கும் நாய்க்குட்டி. பக்கத்து வீட்டு ஆடிட்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என் மனைவியைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்.

நான் வேலை பார்த்தது சென்னையில் ஒரு சிறுவர் பத்திரிகையில். நகைச்சுவைப் பக்கம் என் பொறுப்பு. எழுபதுகளின் நடுவிலிருந்து எங்கள் பத்திரிகையைத் தாங்கி நின்றது என் நகைச்சுவை அல்ல, 'மங்கு' என்ற படக்கதை. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து அது தபாலில் வரும். எழுத்தும் படமும் 'பச்சை' என்பவர். ரப்பர் மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கிற கோப்பைக்கு அங்கே மங்கு என்று பெயர். கதையில் வரும் வெள்ளை நாய்க்குட்டிக்கும் அதையே வைத்திருந்தார். கறுப்பு மையில் காடு, கறுப்பு மையில் மழை. நடுவில் தாளின் வெள்ளையே நாயாக நிற்கும். 'அன்புள்ள பச்சை மாமாவுக்கு' என்று பிள்ளைகள் எழுதும் கடிதங்கள் சாக்கில் வரும். எனக்கும் ஒரு முறை கடிதம் வந்தது. அதில் ஒரு ஜோக்கை நான் எங்கே திருடினேன் என்று கேட்டிருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கதை ஓர் இடத்தில் நின்றது. தோட்டத்தை விற்றுவிடுகிறார்கள். மங்குவின் வீட்டார் லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு டவுனில் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே நாய் வளர்க்கக் கூடாது. லாரி கிளம்புகிறது, மங்கு பின்னால் ஓடுகிறது. 'தொடரும்' என்று போட்டோம். எதுவும் தொடரவில்லை. எழுதிக் கேட்டதற்கு, 'கடைசிப் படம் மட்டும் பாக்கி, வரும்' என்று ஒரு வரி வந்தது. இரண்டு வருஷமாகியும் படம் வரவில்லை. தமிழ்நாடே அந்த லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆண்டு மலர்ல ஒரு பக்கம் காலியா வச்சிருக்கேன்," என்றார் ஆசிரியர். "நாயோட வாரும். இல்லேன்னா அந்தப் பக்கத்துல உம்ம படத்தைப் போட்டுடுவேன். பிள்ளைங்க பயந்தா நான் பொறுப்பில்லை."

பச்சை மாமாவுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று நல்ல கரை போட்ட எட்டு முழ வேட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பேராக்கின் தலைநகர் ஈப்போவில் முதலில் கண்ணில் படுவது சுண்ணாம்புக் குன்றுகள். நம் ஊரில் குன்று என்றால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும்; நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்க இடம் விடும். இங்கே அவை தட்டில் வைத்த பட்டணம் பக்கோடாபோல, சொல்லாமல் கொள்ளாமல் தரையிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கின்றன. நான் தங்கியது ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடையின் மாடியில். கடைக்காரர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணே, கோப்பி ஓவா, பால் போட்டதா?" என்றார். 'ஓ' என்பது மரியாதைச் சொல் என்று நினைத்து அதையே கேட்டேன். பால் இல்லாத கடுங்காப்பி வந்தது. பிறகு யோசிக்கையில், பாலுக்கும் எனக்கும் ஒத்துவராது என்பதை ஈப்போ அப்போதே சொல்லியிருக்கிறது.

அந்த ஒரு வரிக் கடிதத்தின் முகவரியில் இருந்த அடுக்குமாடிக்கு மறுநாள் காலையில் போனேன். மூன்றாம் மாடி. என் வயதை ஒத்த ஒரு பெண் கதவைத் திறந்தார். கட்டையான உருவம், கையெல்லாம் மைக்கறை.

"பச்சை ஐயா இருக்கிறாரா?"

"எந்த ஐயா?"

"படம் போடுகிறவர். பச்சை மாமா."

அந்த அம்மாள் என்னையும், என் கையில் இருந்த வேட்டியையும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "டேய் சேகர், இங்க வா! மெட்ராஸ்லேர்ந்து எனக்கு மீசை ஒட்ட ஆள் வந்திருக்கு லா!"

பச்சை என்பது பச்சையம்மா. இத்தனை வருஷமும் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் அந்தச் சந்தேகம் எழவில்லை. படம் போடுவதும் கதை எழுதுவதும் தோட்டத்தில் இருப்பதும் ஒரே ஆள் என்றால் அது ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று நாங்களாகவே முடிவு செய்துவிட்டோம். வேட்டியை நீட்டினேன். "தாங்கண்ணே. எதுக்காச்சும் ஆகும்," என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

சேகர் அவருடைய தம்பி, டாக்ஸி ஓட்டுகிறவர். அக்காவைப் பற்றி அக்கா எதிரிலேயே, அவர் அங்கே இல்லாததுபோலப் பேசும் சுபாவம். இருவர் பேச்சின் முடிவிலும் அந்த ஊர் 'லா' ஒன்று வாலாட்டும். பச்சையம்மா தோட்டத்தில் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். பாலெடுக்க மரம் சீவப் போகும் தாய்மார்கள் விடியற்காலையில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கொட்டகை அது. "முப்பது நாப்பது பிள்ளைங்கண்ணே. ஒண்ணு அழுதா எல்லாம் அழும். வாயை அடைக்க இது படம் போட ஆரம்பிச்சுச்சு. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கிராணி வீட்டுப் பழைய காலண்டர் பூரா இதுதான் கிறுக்குச்சு."

"கிறுக்குனதுக்குத்தான்டா கடல் தாண்டி ஆள் வருது," என்றார் பச்சையம்மா.

அந்த வெள்ளை நாய் பிறந்த விதத்தையும் அன்றுதான் கேட்டேன். ஒரு நாள் ஏதோ ஒரு பிள்ளை, அம்மாவின் வாளியில் கைவிட்டுவிட்டு வந்து, பாதி வரைந்த தாளில் ரப்பர்ப் பாலைச் சிந்திவிட்டது. பச்சையம்மா ஆத்திரத்தில் தாள் முழுக்கக் கறுப்பு மையை அப்பினார். காய்ந்ததும் பிள்ளை அந்தப் பால் தோலைப் பிய்த்தது. தோல் உரிந்த இடத்தில் மை ஏறாமல் தாள் வெள்ளையாக இருந்தது, பார்க்க ஒரு நாய்போல.

அதிலிருந்து அதுதான் அவர் தொழில்முறை. தென்னை ஈர்க்குச்சியைப் பாலில் தோய்த்து வரைவார். வெள்ளைத் தாளில் வெள்ளைப் பால். என்ன வரைகிறார் என்று யாருக்கும் தெரியாது. மேலே கறுப்பு மை. காய்ந்ததும் பிள்ளைகள் சுற்றி நின்று, உள்ளே என்ன இருக்கிறது என்று கத்த வேண்டும். சரியாகச் சொன்ன பிள்ளைக்குத்தான் தோலை உரிக்கும் உரிமை. உரித்த தோலை ஒரு பந்தில் சுற்ற வேண்டும். அந்தப் பந்தை எடுத்துவந்து காட்டினார். தேங்காய் அளவு இருந்தது, கறுப்பும் மஞ்சளுமாக.

"மங்கு கதை பூரா இதுக்குள்ளதான் இருக்கு," என்று பந்தைத் தரையில் ஓர் அடி அடித்தார். எங்கள் பத்திரிகையின் பல வருஷச் சந்தா கூரையைத் தொட்டுவிட்டு வந்தது.

"கடைசிப் படம்?" என்றேன்.

"பால் இல்லண்ணே. எங்க தோட்டத்துல பால்மரத்தை எல்லாம் சாய்ச்சுட்டுச் செம்பனை போட்டுட்டான். செம்பனையில எண்ணெய்தான் வரும்."

"வெள்ளைப் பெயிண்ட் வைத்தால்?"

அவர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதில் இருந்த நாய் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கக்கூஸ் சுவர்போல இருந்தது. அந்த யோசனையை வாபஸ் வாங்கினேன்.

"பேராக்கில் இனிமேல் ரப்பர் மரமே இல்லையா?"

"நிறைய இருக்கு. பெரிய தோட்டத்துல கேட்டா தரமாட்டான், வாச்மேன் திருட்டுப் பாலுன்னு புடிப்பான். தாப்பா பக்கம் ஆ சோங்னு ஒரு சீனத்தாத்தா இருக்காரு, சொந்தமா சின்னக் காடு. சேகரு போறேன் போறேன்னு சொல்றான்."

"வயித்துப் பொழப்பு டாக்ஸி லா அது. சவாரி இல்லாம தாப்பா போவ முடியுமா?" என்றார் சேகர்.

"நான் போகிறேன்," என்றேன். என்னை அறிந்தவர்கள் யாரும் இந்த வாக்கியத்தை நம்பமாட்டார்கள். வீட்டில் பால் பாக்கெட் வாங்க நான் தெருமுனைவரை போனதில்லை.

மறுநாள் காலையில் தாப்பா பஸ்ஸில் ஏறினேன். கேமரன் மலைக்கு ஏறுகிறவர்கள் பஸ் மாறுகிற சின்ன ஊர் அது. எல்லோரும் மேலே குளிருக்குப் போக, நான் மட்டும் கீழே புழுக்கத்தில் காட்டுப் பாதையில் நடந்தேன். ஆ சோங்கின் காடு வந்தது. வரிசை வரிசையாக மரம், ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு கோப்பை. பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். மலாயில் பேசுவாரோ சீனத்தில் பேசுவாரோ என்று நான் சைகைக்குக் கைகளைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, அவர் தமிழில் ஆரம்பித்தார்.

"யாரு நீ? எங்கேர்ந்து வாரே?"

"இந்தியாவிலிருந்து. கொஞ்சம் பால் வேண்டும்."

"இந்தியாவுலேர்ந்து பாலு வாங்க வந்தியா? ஏன், அங்க மாடு எல்லாம் செத்துப் போச்சா?"

தோட்டத் தொழிலாளர் லயத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தவராம். என் தமிழைப் பக்கத்து வரிசையில் வேலை செய்துகொண்டிருந்த மகனிடம் பேசிக் காட்டிச் சிரித்தார். வானொலியில் செய்தி வாசிப்பதுபோல இருக்கிறதாம். பச்சையம்மாவின் பெயரைச் சொன்னதும் கேள்வி கேட்காமல் வாளியைச் சாய்த்தார். வழியில் குடித்த எலுமிச்சை ஜூஸ் பாட்டில் என் பையில் இருந்தது. அதில் பிடித்துக்கொண்டேன்.

திரும்புகிற பஸ்ஸில் பாட்டிலை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிர் இருக்கை மலாய்ப் பெண்மணி நடத்துநரிடம் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. நடத்துநர் எனக்காகத் தமிழில் சொன்னார்: "பிள்ளை எங்கன்னு கேக்குறாங்க. பாட்டிலை மட்டும் கொண்டு போறீங்களாம்." நடுவழியில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி ரம்புத்தான் பழம் வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் வெயிலில் பாட்டிலோடு நின்றேன்.

மூன்று மாடியும் ஓடி ஏறினேன். பச்சையம்மா பாட்டிலைத் தட்டில் கவிழ்த்தார். ஒன்றும் வரவில்லை. அடியில் தட்டினார். வழுவழுவென்று, பாட்டிலின் கழுத்தும் தோளுமாக, முழு உருவத்தில் ஒரு வெள்ளைக் கட்டி பாதி வெளியே வந்து மூச்சு முட்டி நின்றது.

"அண்ணே, இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"எலுமிச்சை ஜூஸ்."

சேகர் சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஃபேக்டரியில ஆசிட் ஊத்தித்தான் பாலை உறைய வைப்பான். அண்ணன் ஜூஸ் ஊத்தி பஸ்ஸுலயே ரப்பர் ஷீட் போட்டுட்டாரு!"

"சும்மா இரு லா," என்றார் பச்சையம்மா. "நான் சொல்லியிருக்கணும். கொஞ்சம் அமோனியா கலந்தாத்தான் பால் தண்ணியா இருக்கும். இங்க எல்லாருக்கும் தெரியும், அதுனால யாரும் சொல்றதில்ல." வெயிலும் எலுமிச்சையும் சேர்ந்தால் அமோனியா கூடக் கைவிட்டிருக்கும் என்று ஆறுதலும் சொன்னார். கட்டியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்தாட எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் அமோனியா, கழுவிய பாட்டில், புது வைராக்கியம் எல்லாவற்றோடும் மறுபடி போனேன். விடியற்காலையிலிருந்து மழை. ஆ சோங் வீட்டு வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"மரம் ஈரம். வெட்டினா மழைத்தண்ணி பாலை அடிச்சுட்டுப் போயிரும். இன்னிக்கு லீவு."

"ஒரே ஒரு மரம்?"

"ஒரு மரம்னா மழை பெய்யாதா?"

நனைந்துகொண்டு திரும்பினேன். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, கேட்காமலே பால் போட்ட காப்பியாகக் கொடுத்தார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே பால் அதுதான். விமானத்துக்கு இன்னும் ஒரே ஒரு முழு நாள் இருந்தது. ஆண்டு மலரின் காலிப் பக்கத்தில் என் முகத்தைக் கற்பனை செய்து பார்த்தேன். ஆசிரியர் சொன்னது சரிதான், பிள்ளைகள் பயப்படுவார்கள். ராத்திரி மழை விட்டதா என்று பார்க்க எழுந்து எழுந்து ஜன்னலைத் திறந்ததில் கொசுக்கள்தான் பயனடைந்தன.

விடிந்தபோது வானம் வெளுத்திருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே சேகரின் டாக்ஸி, உள்ளே பச்சையம்மா. மடியில் என் வேட்டி.

"போலாம் ஏறுங்கண்ணே. உங்களைத் தனியா அனுப்பினா நாளைக்கு இட்லி கொண்டாந்து நிப்பீங்க."

"சவாரி?" என்று சேகரைக் கேட்டேன்.

"நீங்கதான் சவாரி. பேசாம உக்காருங்க."

வழியில் டாக்ஸி புகைந்தது. சேகர் மூடியைத் திறந்து என் குடிதண்ணீர் முழுவதையும் எஞ்சினுக்குக் கொடுத்தார். அது ஆறும்வரை சாலையோரம் நின்றோம். எதிரே ஒரு மண் பாதை பிரிந்து போயிற்று. இருபுறமும் செம்பனைக் கன்றுகள். முள்ளம்பன்றிகளை வரிசையாக உட்கார வைத்ததுபோல.

"இதுதான் எங்க தோட்டம்," என்றார் பச்சையம்மா.

கன்றுகளுக்கு நடுவே ஆயாக் கொட்டகையைத் தேடினேன்.

"நெசமாவே ஒரு மங்கு இருந்துச்சுண்ணே. கொட்டகை வாசல்லயே கெடக்கும். நாங்க வந்த லாரிக்குப் பின்னாடியே ஓடி வந்துச்சு, இந்த முக்கு வரைக்கும். இங்க நின்னுருச்சு. மெயின் ரோட்டைப் பாத்ததே இல்ல பாருங்க." சாலையைக் காட்டினார். "சேகரு மறுவாரம் வந்து தேடினான். ரெண்டு மூணு வாட்டி தேடினான். இல்ல."

சேகர் எஞ்சின் மூடியை மிகுந்த சத்தத்தோடு சாத்தினார்.

"மெட்ராஸ் பிள்ளைங்களுக்கு அது வீடு வந்து சேரணும். எங்க ஃபிளாட்டுப் பிள்ளைங்க எல்லாம் அந்த லாரியில என்கூட உக்காந்து வந்ததுங்க. அது வரலைன்னு அதுங்களுக்குத் தெரியும். வந்துச்சுன்னு போட்டா என் மூஞ்சியப் பாத்து, ஆயா பொய் சொல்லுதுங்கும். வரலைன்னு போட்டா அங்க உள்ளதுங்க அழுவும். பால் இல்ல, பால் இல்லன்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

ஆசிரியர் 'நாயோட வாரும்' என்று சொன்னது என் நாக்கு நுனிவரை வந்தது. அந்த முக்கையும் சாலையையும் பார்த்தேன். விழுங்கிக்கொண்டேன்.

"இன்றைக்குப் பால் கிடைத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?"

"கெடைக்கட்டும். இன்னிக்கு முடிச்சுப்புடுறேன். நல்லதோ கெட்டதோ, நாளைக்கு உங்க கையில படம்."

ஆ சோங் எங்களைப் பார்த்ததும் கோப்பைகளோடு எழுந்தார். பால் சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும்வரை காத்திருந்தோம். பச்சையம்மா அமோனியாவை அளந்து விட்டார். மூக்கில் யாரோ குத்தியதுபோல நெடி. பாலில் மரப்பட்டைத் தூள் மிதந்தது.

"வடிகட்ட என்னா இருக்கு?" என்றார் ஆ சோங்.

பச்சையம்மா வேட்டியை விரித்தார். கரை போட்ட எட்டு முழத்தின் நடுவே பால் இறங்கியது. கடையில் அதைத் தேர்ந்தெடுக்க நான் அரை நாள் செலவழித்திருந்தேன். "எதுக்காச்சும் ஆகும்னு சொன்னேன்ல?" என்றார் அவர்.

மத்தியானம் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எங்களுக்கு முதுகு காட்டி வரைந்தார். ஈர்க்குச்சி தாளில் தொட்டு எடுக்கிற ஓசை தவிர ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சீன மையை எடுத்தார். ஓர் ஓரம் பாக்கியில்லாமல் தாள் முழுக்கக் கறுப்பாக்கினார். நான் கடல் கடந்து வந்து பெற்றுக்கொள்ளப்போகும் கலைப்படைப்பு, இரவு மின்சாரம் போன என் வீட்டுக் கூடம்போல இருந்தது.

சாயங்காலம் அது காய்வதற்குள் வாசல் நிறையப் பிள்ளைகள். லாரியில் வந்தவர்கள், இப்போது உடை குட்டையாகும் அளவுக்கு வளர்ந்து, முழங்கால் தெரிய நின்றார்கள்.

"என்னா இருக்கு, சொல்லுங்க!" என்றார் பச்சையம்மா.

"லாரி!" "செம்பனை!" "நிலா!" "பேய்!"

மங்கு என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை. நானும் அதைக் கவனித்தேன், அவரும் கவனித்தார்.

"அண்ணன் சொல்லுங்க."

"நாய்," என்றேன். வேறு எதைச் சொல்ல எனக்கு அதிகாரம்?

"எல்லாரும் தப்பு. அப்ப எல்லாரும் உரிங்க."

கீழ் மூலையில் ஒரு சின்னப் புள்ளியாக முதல் தோல் வந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிள்ளைகளின் விரல்களுக்கு நடுவே என் தடித்த விரலும் நுழைந்தது. காலடித் தடங்கள். நாயின் தடங்கள். இருட்டில், செங்குத்தாக ஏறும் படிக்கட்டில், ஒவ்வொரு படியாக மேலே போயின. "நம்ம மாடிப்படி லா இது," என்றாள் ஒருத்தி மெதுவாக. கடைசிப் படிக்கு ஒரு படி முன்னால் தடங்கள் நின்றன. மேலே ஒரு நீளத் தோல் உரிந்தது. பாதி திறந்த கதவிலிருந்து விழுகிற வெளிச்சம். அதன் நடுவே வட்டமாக ஒன்று பாக்கி இருந்தது. நிலா என்று கத்தியவன் உரிமையோடு அதைப் பிய்த்தான்.

நிலா இல்லை. வாசற்படியில் வைத்த ஒரு மங்கு. விளிம்புவரை பால்.

நாய் எங்கேயும் இல்லை. ஒரு பிள்ளை பச்சையம்மாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு கோப்பையைப் பார்த்தது.

"ஆயா, குடிச்சிச்சா?"

"காலையில பாத்தாத்தான் தெரியும்," என்றார் அவர், உரித்த தோல்களைப் பந்தில் சுற்றிக்கொண்டே.

பந்தை அவர் தரையில் அடித்தார். பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு அந்தப் படிகளில்தான் இறங்கி ஓடினார்கள்.

சென்னையில் ஆசிரியர் படத்தை மேஜையில் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தார். "நாய் எங்கேய்யா?" என்றார். நான் விரலால் கோப்பையைத் தொட்டுக் காட்டினேன். அவர் பேனாவைத் திறந்து, தொடர் முடிகையில் வழக்கமாகப் போடுகிற 'முற்றும்' என்ற சொல்லை எழுதக் கீழே இடம் தேடினார். தேடிய இடத்தில் முதல் காலடித் தடம் இருந்தது. பேனாவை மூடிவிட்டார்.

ஆண்டு மலர் அப்படியே வந்தது. 'முற்றும்' விட்டுப்போயிருக்கிறது, அச்சுப்பிழை என்று பெரியவர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். பிள்ளைகளில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.